காற்றுத் துவக்கிற் சுத்தியலின் துள்ளல்

கல்விக்கும் சமயத்துக்கும் கலைக்கும் உரிய கட்டுரைகள் நிரம்பிய விழா மலரொன்றிலே துவக்கைப் பற்றிய கட்டுரையைக் காணும் அன்பர்கள் சற்றே புருவம் நெறிக்கக்கூடும். உயிர்க்கொலைக்கு வழி கூறுதல் நம் நோக்கமன்று. நாம் எடுத்துக்கொண்டது கடதாசி இலக்கைத் துளைக்கும் காற்றுத் துவக்கு. 1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழா முதலாக அவ்விழாவில் இடம்பெற்றுவரும் விளையாட்டுக் கருவி. அதிலும் முழுத் துவக்கையும் பற்றி எழுதப் புகுந்தோமல்லோம். அதன் வயிற்றினுள்ளே விரற்பருமனுள்ள உருக்குத் துண்டொன்று ஒருமுறை அடிக்கவேண்டிய இடத்தில் இரண்டு மூன்று முறை அடிக்கின்றது. அந்த ஒரு குறையைப் பற்றியே இங்கு பேசுகின்றோம். மோதுகை என்னும் அதிகாரத்தைக் கரும்பலகையிற் கணக்குகளாக மட்டுமே கண்ட மாணவர்கள், அக்கணக்குகள் உயிர்பெற்று நடமாடுவதை இங்கே காணலாம்.

காற்றுத் துவக்குகள் பலவகைப்படும். குழலை மடித்துப் பெரியதொரு வில்லைச் சுருக்கி, அவ்வில் விரியும்போது ஓர் ஆடுதண்டைத் தள்ளிக் காற்றை அமுக்குவது ஒரு வகை. பலரும் பார்த்திருக்கக்கூடியது அதுவே. அதற்கும் நம் கட்டுரைக்கும் தொடர்பில்லை. நாம் கருதுவது, முன்னரே உயர்ந்த அமுக்கத்தில் அடைத்துவைத்த காற்றைச் சிறிது சிறிதாகச் செலவிடும் வகை. ஒரு கலம் நிறையக் காற்று. அதன் வாயில் ஒரு வால்வு. வால்வின் தண்டை அடித்துத் திறக்க ஒரு சுத்தியல். சுத்தியலை ஓட்ட ஒரு வில். குதிரையை இழுத்ததும் சுத்தியல் விடுபட்டு ஓடித் தண்டை அடிக்கிறது. வால்வு கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த நேரம் திறந்து மூடுகிறது. அந்த இடைவெளியில் வெளிப்பட்ட காற்றுச் சன்னத்தைக் குழல் வழியே ஓட்டுகிறது.

இது புதிய உபாயமன்று. பர்த்தொலொமேயு ஜிரண்டோனி என்பார் ஆக்கிய இத்தகைய துவக்கை 1780 ஆம் ஆண்டளவில் ஒஸ்திரியப் படை ஏற்றுக்கொண்டது. அதன் அடிக்கட்டையே காற்றுக்கலம். இருபது குண்டுகள் வரை அதன் பக்கக் குழாயில் அடுக்கி ஒன்றன்பின் ஒன்றாகச் சுடலாம். வாய்வழியே மருந்திட்டுக் குண்டிட்டுச் சுட்ட அக்காலத்தில் இது பெருவியப்பாயிருந்தது. ஆயின், கலத்தை நிரப்பக் கைப்பம்பை ஏறக்குறைய 1500 முறை இடிக்கவேண்டும். 1803 ஆம் ஆண்டு அமெரிக்கக் கண்டத்தைக் கடந்து மேற்குக் கடலைக் காணப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ் காற்றுத் துவக்கொன்றை உடன்கொண்டு சென்றதை அவருடைய நாட்குறிப்புக் கூறுகின்றது; அது ஜிரண்டோனியின் வகையினதே என ஆராய்ந்தோர் பலர் கருதுவர். 1500 முறை இடித்து நிரப்பிய காற்றிலே ஒரு மூச்சுத்தானும் வீணாவதை எவரும் விரும்பார். இன்று கைப்பம்புகள் திறமையடைந்துள்ளன. சுழியோடிகள் கொண்டுசெல்லும் காற்றுச் சிலிண்டரிலிருந்தும் நிரப்புவர். எனினும் காற்றின் அருமை குறைந்துவிடவில்லை.

துள்ளலை விளங்கிக்கொள்வதற்கு வால்வின் மேற் செயற்படும் விசைகளைக் கணித்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு துவக்கை மனத்திற் கொள்வோம். கலத்தின் அமுக்கம் 200 வளிமண்டலம். அஃதாவது ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 20 நியூற்றன். வால்வு அமரும் இருக்கையின் விட்டம் 8 மில்லிமீற்றர். பரப்பளவு 50 சதுர மில்லிமீற்றர். ஆகவே மூடிய வால்வை இருக்கையோடு அழுத்திப் பிடிக்கும் விசை 1000 நியூற்றன் ஆகிறது. ஒரு மூடை நெல்லினும் மிகுதியான பாரம் சுண்டுவிரல் நுனியளவான மூடியின் மேல் நிற்கிறதென்று கொள்ளலாம். வால்வு சற்றே விலகியதும் நிலைமை மாறுகிறது. காற்று இருக்கையின் மறுபுறத்தையும் நிரப்பிவிடுவதால், அப்பால் வெளியே நீண்டுள்ள தண்டின் பரப்பின்மேல் மட்டுமே சமப்படாத அமுக்கம் எஞ்சுகிறது. தண்டின் விட்டம் 4 மில்லிமீற்றராயின் அவ்விசை 250 நியூற்றன். திறப்பது கடினம், திறந்தபின் பிடித்திருப்பது எளிது என்பதே இதன் பொருள். கதவைத் திறக்க ஓர் இடி தேவை. அதன்பின் ஒரு கையே போதும்.

சுத்தியலின் பக்கத்தைப் பார்ப்போம். அதன் திணிவு 50 கிராம். வில்லை ஒரு மில்லிமீற்றர் சுருக்க ஒரு நியூற்றன் வேண்டும். துவக்கு ஏற்றப்படாது கிடக்கும்போதே வில் 15 மில்லிமீற்றர் சுருங்கி நின்று, சுத்தியலை வால்வின் தண்டோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. இதனை முன்னிறுக்கம் என்போம். பின்னர் அடிக்கடி இச்சொல் வரும். துவக்கை ஏற்றும்போது வில் மேலும் 20 மில்லிமீற்றர் சுருங்குகிறது. இவ்வாறாயின் சுத்தியல் தண்டை அடிக்கும்போது அதன் இயக்கசத்தி அரை யூல். வேகம் செக்கனுக்கு நாலரை மீற்றர். உந்தம் ஏறத்தாழ 0.22 நியூற்றன் செக்கன். எதிர்த்து நிற்கும் 250 நியூற்றன் விசை அவ்வுந்தத்தை அழிக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கன் வேண்டும். பின் வால்வும் சுத்தியலும் ஒன்றாய்த் திரும்பி வர இன்னொரு மில்லிசெக்கன். வால்வு திறந்திருக்கும் காலம் இரண்டு மில்லிசெக்கன் அளவினது என்று இதனாற் பெறுகின்றோம். இது துவக்குகளில் நிகழ்வதோடு பெரிதும் ஒத்த கணக்கே.

இனி நாம் எடுத்துக்கொண்ட குறைக்கு வருவோம். வால்வை மூடிய அதே விசை சுத்தியலைப் பின்னோக்கி எறிகிறது. சுத்தியல் தன் சத்தியில் ஒரு பகுதியை முதலிற் கதவை இடித்துத் திறப்பதிற் செலவிட்டது. மற்றொரு பகுதி உராய்விலும் ஒலியிலும் வெப்பத்திலும் போயிற்று. எஞ்சியது அதனோடே இருக்கிறது. பின்னோக்கிச் சென்ற சுத்தியலை வில் தடுக்கிறது. தடுத்து நிறுத்தியபின், தனக்குக் கிடைத்ததைத் திரும்பக் கொடுக்கிறது. வில்லின் இயல்பே அதுதான். கடனை வட்டியில்லாமல் முழுவதும் திருப்பித் தருவது. சுத்தியல் மீண்டும் தண்டை அடிக்கிறது. அந்த அடி வால்வைத் திறக்கப் போதுமானதாயின் காற்று மீண்டும் வெளியேறுகிறது. சில துவக்குகளில் மூன்றாம் அடியும் நான்காம் அடியும் உண்டு. குதிரையை இழுத்தபோது ஒரே வெடிப்பாய்க் கேட்கவேண்டிய ஓசையின் பின்னே 'புர்ர்' என்றொரு வால் நீளுமாயின், அது இந்த அடிகளின் ஓசையே.

இரண்டாம் அடி எப்போது விழுகிறது? துள்ளிய சுத்தியல் 5 மில்லிமீற்றர் பின்சென்று திரும்புவதாயின், மேற்கூறிய வில்லோடு அதற்குப் பத்து மில்லிசெக்கன் அளவு செல்லும். சன்னத்தின் நிலை என்ன? அரைக் கிராமுக்குச் சற்றே மேற்பட்ட ஈயச் சன்னம் அரை மீற்றர் நீளமுள்ள குழலைக் கடந்து செக்கனுக்கு 240 மீற்றர் வேகத்தோடு வெளிவர நான்கு மில்லிசெக்கனே பிடிக்கிறது. எனவே சுத்தியல் இரண்டாம் முறை தண்டைத் தொடும்போது சன்னம் குழலை விட்டு ஒரு மீற்றருக்கு அப்பாற் பறந்துகொண்டிருக்கும். அதன்பின் வெளிப்படும் காற்று எவ்வளவாயினும் அச்சன்னத்துக்கு ஒரு பயனும் செய்யாது. வண்டி சென்றபின் தள்ளுபவன் செயல் அது. ஆகவே, துள்ளலினால் வேகம் கூடும் என்று எண்ணிச் சிலர் அதனைப் பொருட்படுத்தாது விடுவது பிழை. துள்ளலினால் அதே வேட்டின் வேகம் குறைகிறதென்று அஞ்சுவதும் பிழையே. சன்னத்துக்கு அதனால் ஆவதுமில்லை, அழிவதுமில்லை. இழப்பெல்லாம் கலத்துக்கே.

அவ்விழப்பு எத்துணையது? கலத்தின் கொள்ளளவு 200 கன சென்ரிமீற்றர் என்றும், அமுக்கம் 200 வளிமண்டலத்திலிருந்து 120 வரை இறங்குமளவும் துவக்கு ஒழுங்காய்ச் சுடும் என்றும் கொள்வோம். பயன்படும் காற்று, வெளியே விரிந்த நிலையில், 16 இலீற்றர். ஒரு வேட்டுக்கு 200 கன சென்ரிமீற்றர் செலவாயின் 80 வேட்டுகள் கிடைக்கும். துள்ளலினால் ஒவ்வொரு வேட்டிலும் இன்னொரு 100 வீணாயின் 53 வேட்டுகளே. அறுபது வேட்டுகள் கொண்ட போட்டியொன்றில் நிற்பவருக்கு இவ்விரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு என்னவென்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. முன்னவர் ஒரே நிரப்பலோடு முடித்துச் செல்வர். பின்னவர் போட்டியின் இறுதிப் பகுதியில், கை நடுங்கும் வேளையில், சன்னங்கள் ஒவ்வொன்றாய்க் கீழிறங்குவதைக் கண்டு திகைப்பர்.

துள்ளுதல் சுத்தியலுக்கு மாத்திரம் உரிய குற்றமன்று. மோதும் பொருள்கள் யாவும் ஓரளவு துள்ளும். 1687 இல் வெளிவந்த தம் பெருநூலிலே நியூற்றன் இதனை அளந்து எழுதியுள்ளார். பந்துகளை நூலிற் கட்டித் தொங்கவிட்டு ஒன்றோடொன்று மோதவைத்து, அணுகும் வேகத்துக்கும் விலகும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைக் கண்டார். இறுக்கிக் கட்டிய கம்பளிப் பந்துக்கு அது ஒன்பதில் ஐந்து. உருக்குக்கு ஏறத்தாழ அதுவே. தக்கைக்குச் சிறிது குறைவு. கண்ணாடிக்குப் பதினாறிற் பதினைந்து. இதுவே இன்று மீளமைவுக் குணகம் எனப்படுகிறது. மாணவர்கள் இங்கு ஒன்றைக் கவனித்தல் நன்று. குணகம் வேகத்துக்குரியது, சத்தியோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒன்பதில் ஐந்து என்ற குணகமுடைய மோதுகையில் எஞ்சும் சத்தி 81 இல் 25 மட்டுமே, நூற்றுக்கு 31. அடுத்த மோதுகையின் பின் நூற்றுக்குப் பத்தினும் குறைவு. கண்ணாடியின் குணகத்தோடு மோதுவதாயின் நூற்றுக்கு 88 எஞ்சும். குணகத்தைச் சிறிது தாழ்த்தினால் அடுத்தடுத்த அடிகள் மிக விரைவில் வலுவிழக்கின்றன என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்திலே நம் கருத்தைத் திட்டமாகக் கூறிவிடுவோம். சுத்தியல் துள்ளாதிருக்கச் செய்தல் இயலாது, செய்யவேண்டியதும் அன்று. இரண்டாம் அடியில் எஞ்சும் சத்தி, வால்வை இருக்கையிலிருந்து பெயர்க்கத் தேவையான எல்லைக்குக் கீழே நின்றாற் போதும். மூடிய வால்வின்மேல் 1000 நியூற்றன் காவல் நிற்கிறதென்று கண்டோமல்லவா? அக்காவலை வெல்லாத அடி எத்தனை விழுந்தாலும் கெடுதியில்லை. ஆகவே இக்கலையை ஒரு வரம்புக்குக் கீழே இறக்கும் கலை என்றே கொள்ளல் வேண்டும். இதை உணராதவர்கள் துள்ளலை அடியோடு ஒழிக்கப் புறப்பட்டு, அரத்தையும் துளைக்கருவியையும் எடுத்துத் திருத்தமுடியாத வகையில் உறுப்புகளைக் கெடுத்துவிடுகின்றனர்.

மிகப் பரவிய தவறு வன்மையான வில்லை இடுவது. வேகம் போதவில்லை என்று கண்டதும் வில்லை மாற்றுகின்றனர், முன்னிறுக்கத்தைக் கூட்டுகின்றனர். சிறிது தூரம் வரை வேகம் கூடும். அதன்மேற் கூடாது, ஏனெனில் சன்னம் குழலில் ஓரளவு தூரம் சென்றபின் வால்வு திறந்திருப்பதாற் பயன் மிகச் சிறிது. ஆயின், கொடுத்த சத்தி எங்கே போகும்? மிஞ்சியதெல்லாம் துள்ளலாய் வெளிப்படுகிறது. வேகம் கூடவில்லையே என்று மேலும் இறுக்குகின்றனர். துவக்குப் பசித்தவன் போலக் காற்றை விழுங்குகிறது. வால்வின் உள்ளே இருக்கும் சிறு வில்லை வன்மையாக்கினால் துள்ளல் அடங்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. அதிற் சிறிது உண்மை உண்டு. ஆயினும் காற்றின் விசை நூற்றுக்கணக்கான நியூற்றனாய் நிற்க, அச்சிறு வில்லின் பங்கு பத்தோ இருபதோ என்பதை நினைத்தால், அதனிடம் பெரிதாய் எதிர்பார்ப்பதற்கில்லை.

சரியான வழிகளுள் முதலாவது செலவில்லாதது: தேவைக்கு மேற்பட்ட அடியைக் கொடாதிருத்தல். அமுக்கச் சீராக்கி பூட்டிய துவக்கில் இதை எளிதிற் செய்யலாம்; அதில் வால்வைச் சேரும் அமுக்கம் மாறாதிருப்பதால் அளவீடுகள் தடுமாறா. வேகமானி ஒன்றை முன்னே வைத்து, வில்லின் திருகை மிகத் தளர்த்திய நிலையில் தொடங்கி, கால் சுற்றுக்கு ஒருமுறை மூன்று நான்கு வேட்டுகள் விட்டுச் சராசரி வேகத்தைக் குறித்து வரைபிலிடுக. வளையி முதலிற் செங்குத்தாய் ஏறும். பின் மடிந்து கிடையாய் ஓடும். கிடைப்பகுதியில் நிற்கும் துவக்குக் காற்றை வீணாக்குகிறது. ஏறும் பகுதியில் நிற்பது சிறு மாற்றத்துக்கும் தடுமாறும். மடியும் இடத்துக்குச் சற்றே கீழே, உச்ச வேகத்தில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை குறைந்த இடத்திலே திருகை நிறுத்துவர் அனுபவமுள்ளோர். அங்கே துள்ளல் பெரும்பாலும் தானே அடங்கிவிடுகிறது. அவ்விடத்து வேகம் ஒருவருக்குப் போதாதாயின், அவர் நாடவேண்டியது சீராக்கியின் அமுக்கத்தையும் காற்றுச் செல்லும் துளையையுமேயன்றி வில்லையன்று. சீராக்கி இல்லாத துவக்கில் இவ்வேலை கடினம். அமுக்கம் மிகும்போது வால்வு போதியளவு திறவாது, குறையும்போது மிகத் திறக்கும். ஆதலின் வேகம் முதலில் ஏறிப் பின் இறங்கும். அதன் நடுப்பகுதியைக் கண்டு அங்கேயே கணக்கிடல் வேண்டும்.

இரண்டாவது வழி நமக்கு மிகவும் பிடித்தது. அதன் மூலம் துவக்குத் தொழிலில் அன்று, சங்கீதக் கருவியொன்றில் உள்ளது. 1700 ஆம் ஆண்டளவில் இத்தாலியில் பியானோவை ஆக்கிய பர்த்தொலொமேயு கிறிஸ்தோபோரிக்கு இதே தொல்லை ஏற்பட்டது. விரலால் அழுத்திய கட்டை சுத்தியலை நரம்புவரை தள்ளிக்கொண்டே போனால், சுத்தியல் நரம்பில் ஒட்டி நின்று நாதத்தை அடக்கும். துள்ளினால் மறுபடியும் அடிக்கும். அவர் செய்த உபாயம் இரண்டு. நரம்பைத் தொடுமுன்னரே சுத்தியலைத் தள்ளும் உறுப்பு விலகிவிடும். சுத்தியல் எறியப்பட்ட கல்லைப்போலத் தன்னந்தனியே இறுதித் தூரத்தைக் கடக்கும். அடித்து மீண்டபின் அதனைப் பிடித்து நிறுத்த வேறோர் உறுப்பு உண்டு. நம் மிருதங்க வித்துவான்கள் கருவியின்றியே இதைச் செய்கின்றனர். தோலைத் தொட்ட விரலைத் தொட்ட கணத்திலே எடுத்துவிடுகின்றனர். (ஒரு பர்த்தொலொமேயு துவக்குக்கும் மற்றொரு பர்த்தொலொமேயு பியானோவுக்கும் சுத்தியலைத் தந்தது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.)

கிறிஸ்தோபோரியின் முதல் உபாயத்தைத் துவக்கிலும் கையாளலாம். வில்லின் முன்னிறுக்கத்தை முற்றாக நீக்கி, சுத்தியல் தண்டைத் தொடுதற்கு ஒரு மில்லிமீற்றர் அளவு முன்னரே வில் தன் வேலையை முடித்து நிற்கும்படி செய்தல் வேண்டும். அதற்காக வில்லை ஒரு வழிகாட்டித் தண்டிற் கோத்து, முனையில் ஒரு தடை வைத்து, குறித்த எல்லைக்கு அப்பால் அது விரியாதவாறு செய்வர். சுத்தியல் இறுதி மில்லிமீற்றரை வில்லின் துணையின்றிக் கடந்து தண்டை அடிக்கிறது. முன்னிறுக்கமுள்ள துவக்கில் இரண்டாம் அடியின்போதும் வில் சுத்தியலின் முதுகில் 15 நியூற்றனோடு சாய்ந்து, வால்வு திறக்கத் திறக்க மேலும் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இடைவெளி விட்டபின் அத்துணை இல்லை. துள்ளிய சுத்தியல் வழிகாட்டியின் தலையில் ஒருமுறை மோதி, அங்கும் சிறிது இழந்து, உராய்வோடு திரும்புகிறது. அதன்பின் விழும் அடி வெறும் தட்டலே. முன்னிறுக்கம் போனதால் முதல் அடியின் சத்தியும் குறையுமாதலின், இங்கே வில்லைச் சற்று வன்மையாக்குதல் தகும். வன்மையான வில் எப்போதும் தீதென்று நாம் கூறவில்லை. தண்டைத் தொட்டபின்னும் ஓயாது தள்ளும் வில்லே தீது.

மூன்றாவது வழி சுத்தியலின் உள்ளேயே சத்தியை எரித்துவிடுதல். உலோகத் தகட்டு வேலை செய்வோர் வைத்திருக்கும் துள்ளாச் சுத்தியலைப் பலர் கண்டிருப்பர். அதன் தலை பொள்ளலானது, உள்ளே ஈயச் சன்னங்கள் தளர்வாய் நிரப்பப்பட்டிருக்கும். தலை அடித்து மீள முயலும் கணத்தில், உள்ளிருக்கும் சன்னங்கள் இன்னும் முன்னோக்கி வந்துகொண்டிருந்து அதன் மேல் மோதுகின்றன. எதிரெதிரான உந்தங்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன. சத்தி சன்னங்களின் உரசலில் வெப்பமாகிறது. துவக்கின் சுத்தியலிலும் பின்புறமாய்த் துளையிட்டு, சிறிது அசைய இடங்கொடுத்து, ஒரு பித்தளைத் துண்டை இட்டு மூடினால் இதே பயன் கிட்டும். அசைவிடம் எவ்வளவு, துண்டின் திணிவு எவ்வளவு என்பன துவக்குக்குத் துவக்கு வேறுபடும், சோதித்தே காணவேண்டும். முதலில் வேறொரு சுத்தியலைச் செய்வித்து அதிற் சோதித்தல் அறிவுடைமை. மூலச் சுத்தியலில் இட்ட துளையை மீட்க முடியாது.

இறப்பர் வளையத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சுத்தியலுக்கும் வால்வின் உடலுக்கும் இடையில் ஒரு வளையத்தை இட்டால், சுத்தியல் ஓரளவுக்கு மேல் முன்செல்லாது. செல்லும் இறுதிப் பகுதியில் இறப்பர் அதன் சத்தியைக் குடித்துவிடும். மலிவான வழி, ஐந்து நிமிட வேலை. ஆனால் அது வால்வின் திறப்பையும் குறுக்குகிறது. உச்ச வேகம் இறங்கும். அன்றியும் இறப்பர் குளிரில் இறுகி, வெயிலில் இளகி, சில நூறு வேட்டுகளில் நசுங்கித் தடிப்புக் குறையும். காலையில் அளந்த வேகம் மாலையில் நில்லாது. இதனை நாம் மருந்தாகக் கொள்ளோம், பத்தியமாகவே கொள்வோம்.

சுத்தியலின் திணிவைக் குறைத்தலும் ஒரு வழியே. ஒரே அளவு சத்தியோடு ஓடும் இரு சுத்தியல்களுள் பாரமானதற்கு உந்தம் மிகுதி. அது வால்வை நெடுநேரம் திறந்துவைக்கும். இலேசானது விரைந்து அடித்து விரைந்து மீளும். குறைந்த வலுவுள்ள துவக்குக்கு இலேசான சுத்தியலே பொருந்தும். பெரிய சன்னத்தை நீண்ட குழலில் ஓட்டும் துவக்குக்குப் பாரமானது வேண்டும். இதற்கு மேல் இங்கு விரிப்பதற்கில்லை.

இவ்வேலையில் இறங்குவோர் அறிந்திருக்கவேண்டிய இரண்டு செய்திகள் உள. ஒன்று சட்டம். நாட்டுக்கு நாடு அது வேறுபடும். தொடங்குமுன் தம் நாட்டுச் சட்டத்தை அறிதல் கடன். எடுத்துக்காட்டாக இங்கிலாந்திலே, சன்னத்தின் சத்தி 12 அடி இறாத்தலை, அஃதாவது 16 யூலுக்குச் சற்று மேற்பட்ட எல்லையை, மீறும் காற்றுத் துவக்கு வெடித்துவக்குக்குரிய சான்றிதழ் இன்றி வைத்திருக்கத் தகாதது. திருகை அரைச் சுற்றுக் கூட்டியவர் அறியாமலே குற்றவாளியாகிவிடலாம். துள்ளலை அடக்கப் புகுந்தவர் திறந்திருக்கும் காலத்தைத் திருத்தும்போது வேகம் எதிர்பாராது ஏறுவதும் உண்டு. ஆதலின் ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் வேகமானி முன்னே இருத்தல் வேண்டும்.

மற்றது உயிர். 200 வளிமண்டல அமுக்கத்தில் 200 கன சென்ரிமீற்றர் காற்று என்பது கையடக்கமாய்த் தோன்றும். அது ஒருங்கே விடுபட்டால் வெளிப்படும் சத்தி, 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரைப் பத்து மீற்றருக்கு மேல் உயர்த்தப் போதுமானது. கலத்திற் காற்று இருக்கும்போது ஒரு திருகாணியையும் தொடலாகாது. முழுவதும் வெளியேற்றி, அமுக்கமானி பூச்சியத்தைக் காட்டியபின்னும் அது பழுதடைந்திருக்கலாமென்று ஐயுற்று, குழல் வெறுமையாயிருப்பதைக் கண்டபின், பாதுகாப்பான திசை நோக்கி ஓரிரு முறை சுட்டுப் பார்த்தே பிரித்தல் வேண்டும். ஒட்சிசன் சிலிண்டரிலிருந்து எக்காரணம் பற்றியும் நிரப்பலாகாது. உயர் அமுக்க ஒட்சிசன் எண்ணெயையோ கிறீசையோ சந்தித்தால் தீப்பற்றி வெடிக்கும். காற்றுக்கலத்தின் உடலை அரத்தாலும் துளைக்கருவியாலும் தொடுவோருக்கு நாம் கூறுவதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் அயலில் நில்லாதிருத்தலே நன்று.

துள்ளல் உண்டா இல்லையா என்று அறிவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. செவிக்கு 'புர்ர்' எனும் வால் கேளாதபோதும் சிறு துள்ளல் மறைந்திருக்கலாம். கைபேசியை மேசையில் வைத்து வேட்டொலியைப் பதிவுசெய்து, அவ்வொலியின் அலைவடிவத்தைக் கணினியில் விரித்துப் பார்த்தால், முதற் கூரிய எழுச்சியின் பின்னே பத்துப் பதினைந்து மில்லிசெக்கன் இடைவிட்டுச் சிறிய எழுச்சிகள் தோன்றும். அவையே பின் அடிகள். வெறும் தட்டலா, காற்று வெளியேறும் அடியா என்பதை ஒலி மட்டும் கொண்டு எப்போதும் துணிய முடியாது. அதற்குக் கலத்தின் அமுக்கத்தைப் பத்து வேட்டுக்கு ஒருமுறை குறித்து, மாற்றத்தின் முன்னும் பின்னும் ஒப்பிடுக. வேகம் அதுவேயாயிருக்க, பத்து வேட்டில் இறங்கும் அமுக்கம் குறைந்திருப்பின் வேலை பலித்தது. சீராக்கி இல்லாத துவக்காயின் இச்சோதனையைக் கலம் நிறைந்திருக்கும்போது மட்டும் செய்து அமைதல் போதாது. அமுக்கம் தாழத் தாழ வால்வின்மேல் நிற்கும் காவலும் தளர்கிறது. 200 இல் வெறும் தட்டலாயிருந்த இரண்டாம் அடி 120 இல் மீண்டும் கதவைத் திறக்கத் தொடங்கும். ஆகவே கலத்தின் இறுதிப் பத்து வேட்டுகளையும் தனியே பதிவுசெய்து பார்த்தபின்னரே திருகுக்கு அடையாளமிட்டு மூடுதல் தகும்.